சாமி குதிரைக்குச் சர்க்கரை இல்லாத படையல்

குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற மாமியாரைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு வார்த்தை பேசாமல் வாளியை மோந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுழித்து, திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டுகிற குதிரையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இரண்டையும் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

போன மாதம் மஸ்ஜித் தானாவில் மகள் வீட்டில் இருந்தபோது, குதிரைப் பண்ணையில் என்னோடு வேலை பார்த்த கலா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். பளபளவென்று ஒரு தீனி மூட்டை, அதன்மேல் குதிரைத் தலை. கூடவே குரல் பதிவு. "ஆண்டி, இப்ப எல்லாம் இதுலயே இருக்கு லா. சீனி இல்ல, சத்துத்தூளும் கலந்தே வருது. தண்ணியில ஊறப்போட வேணாம், ஒண்ணும் வேணாம். பிரிச்சுக் கொட்டுனா முடிஞ்சிச்சு." நல்ல விஷயம்தானே, முதுகு பிழைத்தது என்று பதில் போட்டேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மகள் என்னம்மா என்று கேட்டதற்கு, ஊறவைத்த புல் வாசனை வேண்டும்போல இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? ஒன்றுமில்லை என்றேன்.

நான் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டதும் எங்கள் வேலை போனது. வீட்டுக்காரருக்குச் சிம்பாங் அம்பாட்டில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது, பின்னாலேயே வந்தேன். பட்டணத்துப் பிள்ளைகள் வாரக் கடைசியில் சவாரி பழக ஒரு குதிரைப் பண்ணை திறந்திருந்தார்கள். கூட்டிப் பெருக்க ஆள் கேட்டார்கள், போனேன். லத்தி வாரினேன், குளிப்பாட்டினேன், மிதி வாங்கினேன், கடியும் வாங்கினேன். கடைசியில் தீனி அறைச் சாவி என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

சாவியைக் கொடுத்தவர் பண்ணை நிர்வாகி புவான் ஹஸ்னா, புவான் என்றால் நம் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். மெலிந்த உடம்பு, தலையில் துடோங் முக்காடு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னதும் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தடவை கேட்பார். இரண்டாவது தடவை யாருக்கும் பொய் வராது. காலையில் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குதிரையின் முன்னங்குளம்பிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். எந்தத் தீனியானாலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொள்வார். "நான் வாயில வைக்க முடியாதத அது எப்படி பாரு வைக்கும்?" என்பார் மலாயில்; பாரு என்பது நான்தான். நான் அவசரப்படும்போதெல்லாம் "பெலான் பெலான்" என்பார், மெதுவா மெதுவா என்று. எனக்கு அம்மா வீட்டில்கூட அத்தனை பொறுமையாக யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இனி வெள்ளையம்மா. குட்டையாக, அகலமாக, வெள்ளை வெளேரென்று ஒரு பெண் குதிரை. எத்தனையோ பிள்ளைகளை முதுகில் ஏற்றிப் பழக்கிய வயதான ஆத்மா. முதலாளி அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார், அதைச் சொல்லி அவரைத் தவிர யாரும் கூப்பிடவில்லை. பண்ணையின் பின்வேலியை ஒட்டி, செம்பனை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு முனியாண்டி கோயில். தோட்டத்துச் சனங்கள் கலைந்துபோன பிறகும் கோயில் அங்கேயேதான் இருந்தது. வருசத் திருவிழாவில் மாலை போட்டு வெள்ளையம்மாவை ஊர்வலத்துக்கு முன்னால் நடத்திப் போவோம். முனியாண்டி ஏறிவருவது வெள்ளைக் குதிரை அல்லவா? எங்களுக்கு அது பண்ணைக் குதிரை, கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சாமி குதிரை.

ஒரு நாள் காலை புவான் ஹஸ்னா அதன் குளம்பில் கை வைத்தார், எடுக்கவில்லை. இன்னொரு குளம்பிலும் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சோற்றுப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது. வெள்ளையம்மா முன்னங்கால்களை நீட்டி, உடம்பை எல்லாம் பின்னால் சாய்த்து நின்றது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் உடம்பு நடுங்கியது.

கால்நடை டாக்டர் வந்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். மனுசனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வருகிற மாதிரி இதற்கும் வந்திருக்கிறது. ரத்தத்தில் ஏறுகிற இனிப்பு, குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதையைக் கெடுக்கிறது. பிடி விட்டுப் போனால் எலும்பு இறங்கிவிடும், அப்புறம் நிற்கவே முடியாது. வெல்லப்பாகு கலந்த தீனி கூடாது, கேரட் கூடாது, ஆப்பிள் கூடாது, பச்சைப் புல் மேய்ச்சல் கூடாது. சரி, பட்டினி போட்டு இளைக்க வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. இந்த மாதிரி பருத்த குதிரை சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் கெட்டுச் செத்துப்போகுமாம். "சாப்பிட வைங்க. ஆனா இனிப்பு இல்லாம. நோன்புப் பெருநாளுக்குள்ள காலு தேறலன்னா, வலியில வச்சிருக்கிறது பாவம்" என்றார். ஊசி போட்டுக் கதையை முடித்துவிடலாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். முதலாளியும் தலையை ஆட்டினார்.

வேலை தொடங்கியது. காய்ந்த புல்லை வலைப்பையில் திணித்து, பெரிய தொட்டித் தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். புல்லில் இருக்கிற இனிப்பு தண்ணீரில் இறங்கி, தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அதை எந்தக் குதிரையும் வாய் வைக்காத இடமாகப் பார்த்துக் கொட்ட வேண்டும். பிறகு அலசி, தொங்கவிட்டு வடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஊறிய புல் சீக்கிரம் புளித்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறப்போட முடியும். ஒன்று வடியும்போதே அடுத்தது தண்ணீரில் இருக்க வேண்டும். இதற்கு மேல் பீட்ரூட் மாதிரியான ஒரு கிழங்கின் சக்கை, இனிப்பைப் பிழிந்து எடுத்தது, அதையும் ஊறவைத்து, அதில்தான் சத்துத்தூள்களைக் கலக்க வேண்டும். தரையில் மரத்தூளை மெத்தையாகப் பரப்ப வேண்டும். குளம்புக்கு ஐஸ் தண்ணீர்.

எல்லாம் செய்து வாளியை வைத்தால், முன்னால் சொன்னேனே, பின்பக்கத்தைக் காட்டும்.

அது நோன்பு மாதம். புவான் ஹஸ்னா பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அதனால் ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது. தூளை நாக்கில் வைத்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போலிருந்தது. முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எப்படி இருக்கு பாரு?"

"வெள்ளையம்மா பண்றது நியாயந்தான் புவான்."

தூளைக் குறைத்தோம், பிரித்துக் கொடுத்தோம், நல்லெண்ணெய் தடவிப் பார்த்தோம். ஒரு வாய் தின்னும், மறுநாள் தொடாது. ஆனாலும் குளம்புச் சூடு மெல்ல இறங்கியது. சந்தோசப்பட்டோம். சனிக்கிழமை காலையில் தொட்டால் திரும்பச் சுட்டது. வாரத்தில் இறங்கும், சனிக்கிழமை ஏறும். "ஏன் சனிக்கிழமை?" என்று கேட்டார் புவான். தெரியலயே என்றேன். "ஏன் சனிக்கிழமை?" என்று திரும்பவும் கேட்டார். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுகொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போன பிறகு, கட்டிவந்த சோற்றைப் பிரிக்காமல் லாயத்துக்குப் பின்னால் சுற்றிப் போனேன். வெள்ளையம்மாவின் அறைக்குப் பின்பக்கம் ஒரு சன்னல். வெளியே ஒரு அம்மா, நெற்றி நிறைய விபூதி, கையில் வாழையிலைத் துண்டு. சன்னல் வழியாக வெள்ளையம்மா தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, நெய் ஒழுகுகிற சர்க்கரைப் பொங்கலை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. அத்தனை நாளில் அது அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவே இல்லை. கோபம் வருவதற்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அவரை எனக்குத் தெரியும். சரசு அக்கா. பழைய தோட்டத்து ஆள், இப்போது சிம்பாங் அம்பாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அவருடைய மகன் குமார் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு குறைந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

"அக்கா! என்ன பண்றீங்க? தீனி போடக்கூடாதுன்னு போர்டு மாட்டி இருக்குல்ல?"

அவர் பயப்படவே இல்லை. "படிச்சேன்மா. நான் எங்க தீனி போட்டேன்? இது சாமிக்குப் படைச்சது. பிரசாதத்தத் தீனின்னு சொல்லாத, பாவம் வரும்."

அவரைக் குறை சொல்ல நான் யார், நானும் அதே ஊர்க்காரிதானே? கோயிலில் விரதம் என்று சொல்லிவிட்டு, நீட்டிய பொங்கலைப் பிரசாதம் என்று விழுங்காத ஆள் எங்களில் யார்? எங்கள் வீட்டுக்காரர் இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதைத்தான் செய்தார். சாமி கொடுத்தது உடம்பில் ஏறாது என்று நாங்கள் எல்லாருமே நம்புகிறவர்கள்.

அவரை மரத்தடியில் உட்கார வைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இனிப்பு, குளம்பு, ஊசி எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துவிட்டது. குமார் எழுந்து நடக்கிறவரை வெள்ளிக்கிழமைதோறும் சாமி குதிரைக்குப் பொங்கல் ஊட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள காலு எழும்பணும்னு இதோட கால நான் வாங்கிட்டேனா பாரு?" என்று கேட்டார். இரண்டு பேரும் அழுதோம்.

புவான் ஹஸ்னாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் சரசு அக்காவை விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவங்க கையில அது நல்லா சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு புவான்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"ஆமா."

"அப்ப அவங்கள உள்ள கூட்டிட்டு வா. அவங்க சாமி விசயத்துல நான் கை வைக்க மாட்டேன். ஆனா குதிர என் பொறுப்பு. ரெண்டும் நடக்குற மாதிரி வழி இருக்கான்னு அவங்ககிட்டயே கேளு."

கேட்டேன். சரசு அக்கா ரொம்ப நேரம் வெள்ளையம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலை நிறுத்தினால் வேண்டுதல் முறியும், மகன் கதி என்னாகுமோ. நிறுத்தாவிட்டால் குதிரை போய்விடும். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய இக்கட்டு என்ன இருக்கிறது? கடைசியில் அவராகவே சொன்னார். "பொங்கல்னு வேண்டிக்கிட்டது நான்தானே, முனியாண்டி கேக்கலயே. அவரு குதிரைக்கு எது ஒத்துக்குமோ அதையே அவருக்கும் படைப்போம்."

மறுநாள் காலை நானும் அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். முனியாண்டிக்கு முன்னால் இலை போட்டு, வடித்த புல், கிழங்குச் சக்கை, அதன்மேல் துருப்பிடித்த ஆணி வாசனையில் சத்துத்தூள். சூடம் காட்டினோம். பெரிய மீசையும் உருட்டிய கண்ணுமாக இருக்கிற சாமி அந்தப் படையலை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. எனக்கு ஒரு பக்கம் பயமாகவும் ஒரு பக்கம் சிரிப்பாகவும் இருந்தது.

இலையைக் கொண்டுவந்து சரசு அக்கா நீட்டினார். வெள்ளையம்மா ஆசையாக ஓடிவந்த மாதிரி தலையை நீட்டியது. மோந்தது. சரசு அக்காவை ஒரு பார்வை பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

நீயுமா என்று கேட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. சரசு அக்கா உடைந்துபோய்விட்டார். புவான்தான் பக்கத்தில் வந்து இலையை மோந்து பார்த்தார். "இதுல வாசன இல்ல. அது வாசனைக்கு ஏங்குது. ஹல்பா போட்டுப் பாப்போமா?" என்றார். மலாய்க்காரர்கள் சமையலில் ஹல்பா என்பது நம்முடைய வெந்தயம்தான். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம், கொஞ்சமாகப் போடலாம் என்றார். சரசு அக்கா வீட்டில் வறுத்துப் பொடித்துக் கொண்டுவந்தார். அந்த வாசனை லாயம் முழுக்க எழுந்தது. இலையில் முதலில் தூளே இல்லாமல் சக்கையும் வெந்தயமும் மட்டும் வைத்தோம். வெள்ளையம்மா காதை முன்னால் நிமிர்த்தியது. உதட்டால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. பிறகு இலையோடு சேர்த்துத் தின்றது!

"பெலான் பெலான்" என்றார் புவான், நான் துள்ளினதைப் பார்த்து. அன்றிலிருந்து தூளை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஏற்றினோம். வாளியில் வைத்தால் அதே கலவையைத் தொடாது. இலையில் வைத்து, சரசு அக்கா "வாம்மா, சாமி குடுத்தது" என்று சொன்னால் தின்னும். அவர் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை வந்தார். நடுவில் நான் அதே வார்த்தைகளை அதே இழுப்போடு சொல்லி ஏமாற்றுவேன். பாதி நாள் ஏமாறும். என்னைப் பார்த்து ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் தின்னும், சரி உனக்காக என்பது மாதிரி. அந்தச் செருமலுக்காக நான் வெயிலோ மழையோ சைக்கிளை மிதித்தேன் என்றால் நம்புவீர்களா?

சனிக்கிழமைச் சூடு நின்றது. பெருநாளுக்கு முன்னால் டாக்டர் வந்து மறுபடி படம் எடுத்தார். எலும்பு மேற்கொண்டு இறங்கவில்லை. வெளியே மணலில் நடத்திக் காட்டச் சொன்னார். நான் கயிற்றைப் பிடித்தேன். மரத்தூள் மெத்தையிலிருந்து வாசற்படிக்கு வந்து நின்றது, யோசித்தது, பிறகு ஒரு காலை மணலில் வைத்தது. நடுங்கவில்லை. அடுத்த காலையும் வைத்தது. புவான் ஹஸ்னா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரசு அக்கா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பெருநாள் அன்று புவான் வீட்டில் எங்களுக்கு ரெண்டாங் கறியும் மூங்கிலில் வெந்த லெமாங் சோறும், அதைச் சாப்பிட்ட மாதிரி நான் வேறு எதையும் சாப்பிட்டதில்லை.

குமாரும் பிறகு எழுந்தான். வைத்தியம், பயிற்சி, அவனுடைய பிடிவாதம் எல்லாம் சேர்ந்து ஊன்றுகோலோடு நடக்க வைத்தன. அக்கா கணக்கில் அதெல்லாம் முனியாண்டி செய்தது. எதுவானால் என்ன? வேண்டுதல் முடிந்துவிட்டது. ஆனால் சரசு அக்கா வருவதை நிறுத்தவில்லை. நானும் கேட்கவில்லை. வருசக்கணக்கில் அந்த லாயத்தின் காலைகள் அப்படித்தான் போயின. புல் ஊறும் சத்தம், வெந்தய வாசனை, இலையில் ஒரு பெரிய ஈர உதடு. அப்போதெல்லாம் அது வேலை என்றுதான் நினைத்தேன். என் வாழ்க்கையின் நல்ல காலம் அதுதான் என்று யாராவது காதில் சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்கு முட்டி தேய்ந்து வேலையை விட்ட வருசமே முதலாளி பாதிக் குதிரைகளைக் குறைத்தார். புவான் ஹஸ்னாவும் ஓய்வு பெற்று கிளந்தானுக்குப் போய்விட்டார். வெள்ளையம்மாவை ஜொகூரில் வயதான குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். லோரியில் ஏற்றுகிற அன்று நானும் சரசு அக்காவும் போயிருந்தோம். அங்கே பார்த்துக்கொள்ளப் போகிற ராஜன் தங்கமான மனிதர், ஆனாலும் அவரை நாங்கள் விடவில்லை. புல்லை எப்படி ஊறவைப்பது, எப்படி வடிப்பது, வெந்தயத்தை எந்தப் பக்குவத்தில் வறுப்பது எல்லாம் சொன்னோம். "வாளியில வச்சா தொடாது தம்பி. எலையில வச்சு, கூப்பிட்டு, ஊட்டணும். அப்பவும் தின்னலன்னா ஒடனே போன் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிருவோம்" என்றார் சரசு அக்கா. ராஜன் மண்டையை மண்டையை ஆட்டினார்.

போன் வரும் என்று எனக்கு நிச்சயம். ஒரு பையில் மாற்றுத் துணியும் வெந்தயப் பொடியும் எடுத்து வைத்துவிட்டேன். சரசு அக்கா கடையில் லீவு சொல்லி வைத்துவிட்டார். ஒரு வாரம் போயிற்று. பொறுக்க முடியாமல் சரசு அக்காவே என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்தான் போன் போட்டேன், அவர் கேட்பதற்காக ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆ, அக்கா! ஒண்ணும் பிரச்சன இல்லக்கா" என்றார் ராஜன். "வந்த அன்னிக்கே சாப்பிட்டிச்சு. எலையெல்லாம் தேவப்படல. வாளியிலயே வச்சேன், அடிவரைக்கும் நக்கிருச்சு லா. தூளோட. நீங்க கவலப்படாதீங்க."

ரொம்ப சந்தோசம் தம்பி என்று சொல்லிப் போனை வைத்தேன். சரசு அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நம்மள தேடலயாமா?" என்றார்.

"கேக்கலக்கா."

"வேணாம், கேக்காத." பிறகு, "நல்லதுதானே பாரு. யாரு கையில குடுத்தாலும் தின்னா நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான். அதற்காகத்தானே அத்தனை பாடும். வெள்ளையம்மா சாப்பிடவில்லை என்று நாங்கள் அழுத நாள்கள் நிறைய. அது வயிறு நிறையச் சாப்பிட்டது என்று இரண்டு பேரும் அழுதது அன்றைக்குத்தான்.